நாணயச் சங்க ஆண்டறிக்கை: தரம் எழுதிப் பழகிய ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், மூத்த உறுப்பினர்களுக்கும், இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்கும் என் வணக்கம். சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரையிலான சங்கப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல இரண்டாம் ஞாயிறுகளில் நடந்தன. ஐப்பசி மழையில் ஒரு கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் அதிக நேரம் செலவிட்டது காசின் தரத்தை, அதாவது அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது, என்ன குறை இருக்கிறது என்பதைச் சீட்டில் எழுதப் பழகுவதில்தான். அதற்குக் காரணமான நிகழ்ச்சியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆடி மாதக் கண்காட்சிக்கு நம் மூத்த உறுப்பினர் ஒருவர் தம் தாத்தா காலத்து 1911ஆம் ஆண்டு ரூபாயைக் கொண்டுவந்தார். ஐந்தாம் ஜார்ஜின் மார்புச் சங்கிலியில் உள்ள யானை பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து, மறு ஆண்டே உருவத்தைத் திருத்தினார்களே, அந்தக் காசு. முந்தின மாதம் அதை நாம் எல்லோரும் பார்த்திருந்தோம். சாம்பல் நிறத்தில், பள்ளங்களில் அசல் மினுக்கம் ஒளிந்திருந்த அருமையான காசு. கண்காட்சிக்கு அழகாக இருக்கட்டும் என்று வீட்டில் புளி போட்டுத் தேய்த்துவிட்டார்கள். வெள்ளை வெளேரென்று வந்தது. பார்த்தவுடன் அவருக்கே கண் கலங்கிவிட்டது.

குத்துவிளக்குக்கும் பித்தளைக் குடத்துக்கும் புளி நல்லதுதான். காசு வேறு. அச்சு விழும் வேகத்தில் உலோகம் நகர்ந்து மேற்பரப்பில் மிக நுண்ணிய வரிகள் உண்டாகின்றன. காசைச் சாய்த்தால் ஒளி சக்கரம்போலச் சுழல்வது அந்த வரிகளால்தான். புளியின் அமிலம் அவற்றை அரித்துவிடும். தேய்க்கிற கை மீதியைக் கீறிவிடும். விபூதியும் பல்பொடியும் அப்படித்தான். போன மினுக்கத்தை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

அப்புறம்தான் மாதந்தோறும் அரை மணி நேரம் தரப் பயிற்சிக்கு ஒதுக்கினோம். மேஜை விளக்கு ஒன்று, பத்து மடங்கு லென்ஸ், கீழே விரித்த துண்டு, இவ்வளவுதான் கருவிகள். காசின் மேடான இடங்களை முதலில் பார்க்க வேண்டும். விக்டோரியா ரூபாயில் கன்னமும் காதோரக் கூந்தலும், ஜார்ஜ் ரூபாயில் புருவமும் காதும் முதலில் தேயும். புதியவர்கள் அதிகம் தடுமாறியது, அச்சு சரியாக விழாத இடத்தையும் தேய்ந்த இடத்தையும் பிரித்தறிவதில். தட்டையாக இருந்தாலும் அந்த இடத்தில் மினுக்கம் உடையாமல் இருந்தால் அது அச்சின் குறை. மினுக்கம் செத்து மங்கலாக இருந்தால் அது தேய்மானம். எடையும் உதவும்: அந்தக் கால ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம்.

தேய்மானமும் சேதமும் ஒன்றல்ல என்பதையும் பழகினோம். காசுமாலையிலிருந்து கழற்றிய காசுகள் நம் பக்கத்தில் நிறைய. கொக்கி இருந்த விளிம்பில் பற்றவைத்த தழும்பு நிற்கும். முகம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், சீட்டில் ‘மாலைக் காசு’ என்று எழுதித்தான் ஆக வேண்டும்.

மார்கழியில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தோம். நாணயங்களைப் பார்க்கத்தான் போனோம். ஆனால் ஆயுதக் கூடத்தில்தான் அதிக நேரம் நின்றோம். காவல்துறை ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர், பழைய துப்பாக்கிகளுக்குத் தரம் எழுதும் முறையை அங்கே விளக்கினார். அமெரிக்க தேசிய ரைஃபிள் சங்கத்தின் அளவுகோலில், தொன்மையான துப்பாக்கி ‘எக்ஸலன்ட்’ ஆக வேண்டுமானால் பாகங்கள் எல்லாம் அசலாக இருந்து, அசல் மேற்பூச்சும் 80 சதவீதத்துக்கு மேல் மிஞ்சியிருக்க வேண்டும். 30க்கு மேல் என்றால் ‘ஃபைன்’. பூச்சு அறவே போயிருந்தாலும் பாகங்கள் அசலாக, எழுத்துகள் தெளிவாக இருந்தால் ‘வெரி குட்’ கிடைக்கும். சாணை பிடித்து, இரும்புக்குப் போடும் நீலப்பூச்சைப் புதிதாக ஏற்றிய துப்பாக்கியைச் சேகரிப்பாளர்கள் ஒதுக்குகிறார்களாம். சாணையில் விளிம்பின் கூர் மழுங்கி, முத்திரை எழுத்து கரைந்துவிடும் என்றார். அவர் சொல்லச் சொல்ல எனக்கு அந்தப் புளி போட்ட ரூபாய்தான் நினைவில் நின்றது. இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன்: துப்பாக்கியில் ‘ஃபைன்’ உயர்ந்த தரம், காசில் ‘ஃபைன்’ என்றால் நன்றாகவே தேய்ந்தது.

வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அனுப்பி, ஒன்று முதல் 70 வரை புள்ளி போடும் அளவில் தரம் வாங்கலாமே என்று இளைஞர்கள் கேட்டார்கள். அந்த அளவுகோலை 1949இல் ஷெல்டன் என்பவர் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக வகுத்தார். நம் காசுகளுக்கும் அது பொருந்தும்தான். ஆனால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. 1911 ரூபாய் அந்த வயதை எப்போதோ தாண்டிவிட்டது. ஆகவே நம் கண்ணைத்தான் நாம் பழக்க வேண்டும்.

ராஜராஜன் செப்புக் காசுகளுக்கு அந்தப் புள்ளிகள் உதவவில்லை. ஒவ்வொன்றும் கையால் அடித்தது. உருவம் ஓரம் தள்ளி விழுந்திருக்கும். எழுத்து எவ்வளவு தெரிகிறது, பச்சைப் படலம் கெட்டியாக இருக்கிறதா என்று வார்த்தையில் எழுதுவதே சரி என முடிவு செய்தோம். தொட்டால் பொடியாக உதிரும் வெளிர்பச்சைக் களிம்பு மட்டும் ஆபத்தானது. ஈரம் பட்டால் உள்ளே அரித்துக்கொண்டே போகும். அப்படிப்பட்ட காசை உடனே தனியாக எடுத்து ஈரமில்லாத டப்பாவில் வையுங்கள். மெத்தென்ற பிவிசி உறைகளையும் விட்டுவிடுங்கள். நாளடைவில் அவை பச்சைப் பிசுக்கைக் கக்குகின்றன.

தை மாதம் முதல் சங்க ஏலத்தில் புது விதி நடப்பில் உள்ளது. உரிமையாளர் அல்லாத இருவர், ஒருவரையொருவர் கேட்காமல், தனித்தனிச் சீட்டில் தரமும் குறையும் எழுத வேண்டும். இரண்டு சீட்டும் காசோடு சேர்ந்தே ஏலத்துக்கு வரும். முதல் மாதம் பாதிக் காசுகளில் கருத்து ஒத்துப்போகவில்லை. சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அது நல்ல அறிகுறியாகவே பட்டது. வாங்குகிறவர் இரண்டையும் படித்துவிட்டு லென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

ரூபாயின் மினுக்கத்தை இழந்த மூத்த உறுப்பினர் அந்தக் காசைச் சங்கத்துக்கே கொடுத்திருக்கிறார். புளியில் தேய்த்தால் என்ன ஆகும் என்று காட்டுவதற்காக, கைபடாத இன்னொரு ரூபாயின் பக்கத்தில் அதைப் பயிற்சிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். அவருக்குச் சங்கத்தின் நன்றி.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு காசைக் கழுவாமல், துடைக்காமல், நீங்கள் எழுதிய சீட்டோடு கொண்டுவாருங்கள். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்