கேபிடல் ரெக்கார்ட்ஸ் கட்டடத்தின் நிலத்தடி எதிரொலி அறைகளைக் காக்கக் கோரி மனு

அனுப்புநர்:
ஹாலிவுட் பகுதியில் வசிக்கும் தமிழர் ஒருவர், லாஸ் ஏஞ்சலஸ்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
பண்பாட்டு மரபுச் சின்ன ஆணையம்,
லாஸ் ஏஞ்சலஸ் மாநகராட்சி.

பொருள்: வைன் தெரு, 1750-ஆம் எண் கட்டடத்தின் நிலத்தடி அறைகளுக்குப் பாதுகாப்பு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

கேபிடல் ரெக்கார்ட்ஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காக எழுந்து 1956 முதல் நிற்கும் இந்த வட்டக் கட்டடத்தை 2006-இல் மாநகராட்சி மரபுச் சின்னமாக அறிவித்தது. அதற்கு நன்றி. 13 மாடிகளும், உச்சியில் மோர்ஸ் குறியீட்டில் ‘ஹாலிவுட்’ என்று மினுக்கும் விளக்கும் எல்லோருக்கும் தெரியும். நான் கேட்க வந்தது மண்ணுக்குக் கீழே இருப்பதைப் பற்றி.

அங்கே சுமார் 30 அடி ஆழத்தில் எட்டு கான்கிரீட் அறைகள் இருக்கின்றன. மேலே ஸ்டுடியோவில் பாடும் குரலை இந்த அறையிலுள்ள ஒலிபெருக்கிக்கு அனுப்பி, அது சுவர்களில் மோதி எழுப்பும் கார்வையை மைக்கில் பிடித்துப் பதிவோடு சேர்ப்பார்கள். கிதார் கலைஞர் லெஸ் பால் வடிவமைத்தவை என்று இவற்றைச் சொல்வார்கள். இப்போது கணினியிலேயே எதிரொலி சேர்க்கலாமே என்று கேட்கலாம். சரி, சேர்க்கலாம். ஆனால் அந்த மென்பொருள்களிலேயே ஒன்று இந்த அறைகளைப் போல ஒலிக்கவென்று செய்யப்பட்டதுதான்!

இந்த நிறுவனத்துக்காகப் பாடிய பாடகர் நாட் கிங் கோலையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். 1948-இல் இதே ஊரின் ஹான்காக் பார்க்கில் அவர் வீடு வாங்கியபோது, கறுப்பினத்தவர் என்பதற்காக அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். எட்டே ஆண்டுகளில், அவருடைய இசைத்தட்டு விற்பனையின் பலத்தில் எழுந்த இந்தக் கட்டடத்தை மக்கள் ‘நாட் கட்டிய வீடு’ என்றே அழைத்தார்கள். அந்த வீட்டின் அடித்தளத்தில் ஒரு விரிசலும் விழக்கூடாது என்பது என் ஆசை.

கட்டடத்தைச் சுற்றியுள்ள வாகன நிறுத்தத் திடல்களில் உயரமான கோபுரங்கள் எழுப்பும் திட்டங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்திருக்கின்றன. புதிய குடியிருப்பே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல் திண்டாடும் ஊர் இது. ஆனால் அஸ்திவாரம் தோண்டும் அதிர்வில் சுவர் விரிந்தால், அந்த அறையின் ஒலி பிறகு அதே ஒலியாக இருக்காது.

ஆகவே, அக்கம்பக்கத்தில் எந்தக் கட்டுமான விண்ணப்பம் வந்தாலும், தோண்டுவதற்கு முன் ஒலிப்பொறியாளரைக் கொண்டு இந்த அறைகளை ஆய்வு செய்யவும், வேலை முடியும்வரை அதிர்வை அளக்கும் கருவிகள் வைக்கவும், வரம்பு மீறினால் உடனே வேலையை நிறுத்தவும் அனுமதியிலேயே நிபந்தனை எழுதும்படி பரிந்துரைக்க வேண்டுகிறேன். ஆணையத்தின் அடுத்த கூட்டத்தில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொண்டால் நேரில் வந்து பேசத் தயாராக இருக்கிறேன். இம்மனுவின் ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)