தகப்பன் பேர் எழுதுற இடம்

ஆசிரியருக்கு,

நான் திருகோணமலை உவர்மலையில இருக்கிறன், வயசு 39, கல்யாணம் கட்டேல்ல. மூண்டு வருசத்துக்கு முதல் கோட் ஓடரோட ஒரு பொம்பிளைப்பிள்ளைய என்ட மகளாத் தத்தெடுத்தனான். இப்ப அவளை முதலாம் வகுப்பில சேர்க்கிற நேரம். ஒரு பள்ளிக்கூடத்துக்கு போம் குடுக்கப் போனா, அங்க இருந்தவர் பிள்ளைக்கு முன்னாலயே "தகப்பன் பேர் எங்க?" எண்டு மூண்டு தரம் கேட்டார், நான் ஓடரையும் பதிவாளர் நாயகத்திட்ட எடுத்த மகவேற்புச் சேட்டிபிக்கட்டையும் நீட்டினன், அதைத் திறந்தும் பாக்காம மேசையில வைச்சிட்டு "புருசன் விட்டிட்டுப் போயிட்டாரோ" எண்டார். வரேக்க ஓட்டோவில மகள் கேட்டாள், "அம்மா, எங்களிட்ட ஏதும் பேப்பர் குறையுதா?"

ஒரு பேப்பரும் குறையேல்ல. 1941ஆம் ஆண்டு 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டத்திலயே தனி ஆளும் பிள்ளை எடுக்கலாம் எண்டு இருக்கு. பொதுவா எடுக்கிறவருக்கு 25 வயசு ஆகியிருக்கோணும், பிள்ளைய விட 21 வயசாவது மூப்பா இருக்கோணும். ஓடர் கிடைக்க முதல் நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கே வந்து கிணத்துக்கட்டு வரைக்கும் பாத்தா, சம்பளச் சீட்டுப் பாத்தா, அயல் சனத்திட்ட விசாரிச்சா, "உங்களுக்கு வருத்தம் வந்தா பிள்ளைய ஆர் பாப்பாங்க" எண்டும் கேட்டா. அது நியாயமான கேள்வி, எனக்குக் கோவமே வரேல்ல, தங்கச்சியையும் பக்கத்து வீட்டு மாமியையும் கூப்பிட்டுக் கதைக்க விட்டன். எப்பிடி என்னட்ட வந்தவள் எண்டது மகளுக்கும் தெரியும், நான் ஒண்டும் மறைக்கேல்ல.

எனக்கு விளங்காதது எங்கட சனத்தைத்தான். சண்டையில புருசனைப் பறிகுடுத்தவை, 2004 சுனாமியில பறிகுடுத்தவை, கடலுக்குப் போன மனுசன் திரும்பி வராதவை எண்டு தனிய நிண்டு பிள்ளை வளர்த்த பொம்பிளையள் இந்த ஊரில எத்தினை பேர்! என்ட அம்மாவும் அப்பம் சுட்டு வித்துத்தான் எங்கள் மூண்டு பேரையும் ஆளாக்கினவ. அவவைப் பாத்துப் பாவம் எண்ட அதே வாய் இப்ப என்னைப் பாத்துத் திமிர் எண்டுது. நான் நாலு வருசம் யோசிச்சு, சீட்டுக் கட்டிக் காசு சேத்து, வேலை முடிஞ்சு நேரத்துக்கு வீட்ட வரலாம் எண்டு பாத்துத்தான் இந்த முடிவை எடுத்தனான். அம்மாவுக்கு இப்பிடி யோசிக்க ஒரு நாள் கூடக் கிடைக்கேல்ல.

பள்ளிக்கூடங்களிட்டயும் கந்தோர்களிட்டயும் ஒண்டு கேக்கிறன். தகப்பன் பேர் இல்லாட்டி அந்த இடத்தில கோடு போட்டு வாங்குங்க, ஓடரை வாசியுங்க, அதுக்கு மேலயும் கேக்க இருந்தா பிள்ளைய வெளியில விட்டிட்டுக் கேளுங்க.

வாற கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்காங்க. அண்டைக்கு மகள் தங்கச்சியோட கோட்டைக்குள்ள மான் பாக்கப் போவாள், நான் தனியப் போய்க் கதைப்பன்.

இப்படிக்கு,
ஒரு அம்மா,
உவர்மலை, திருகோணமலை.