என் வலியை நம்பியவர்களுக்கு

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அன்றிரவு டியூட்டியில் இருந்த எல்லோருக்கும், எங்கள் ஊர் செவிலியர் அக்காவுக்கும் வணக்கம்.

அப்போது எனக்கு ஏழாம் மாதம். தொப்புளுக்கு வலப்பக்கம், விலாவுக்குக் கீழே வலி. முதலில் காட்டிய இடத்தில் வாய்வு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மாசமாக இருந்தால் வலிக்கத்தான் செய்யும் என்றார்கள் வீட்டில். அக்காதான், "வாந்தி எடுக்குறே, சோறும் இறங்கல, உடம்பும் சுடுது. இது சூட்டு வலி இல்லம்மா" என்று தானே 108-ஐக் கூப்பிட்டார். அக்கா, முதல் நன்றி உங்களுக்கு.

மருத்துவமனையில் குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வீக்கமாக இருக்கலாம் என்றார்கள். குடல்வால் வலி அடிவயிற்றில்தானே வரும் என்று நினைத்திருந்தோம். கர்ப்பப்பை பெரிதாகும்போது குடல்வாலையும் மேலே தள்ளிவிடலாமாம். கர்ப்பத்தில் வெள்ளையணுக்கள் இயல்பாகவே கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியவில்லை. ஸ்கேனிலும் குடல்வால் தெரியவில்லை. விடியட்டும் என்று விட்டுவிடாமல், கதிர்வீச்சு இல்லாத எம்.ஆர்.ஐ.யை அந்த ராத்திரியிலேயே எடுத்துத் தந்த டெக்னீஷியன் தம்பிக்கு நன்றி.

குழந்தைக்கு ஆகாது, ஆபரேஷன் வேண்டாம் என்று அத்தை அழுதார். அறுவை சிகிச்சை மருத்துவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தார். "ஆபரேஷனை விட தள்ளிப்போடுறதுதாம்மா ஆபத்து. குடல்வால் வெடிச்சிட்டா கரு தங்காமப் போற வாய்ப்பு பல மடங்கு கூடிடும்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. சார், அந்தப் பொறுமைக்கு நாங்கள் என்ன கைம்மாறு செய்ய முடியும்!

முன்கூட்டியே பிரசவமாகிவிட்டால் குழந்தையின் நுரையீரலுக்கு உதவும் என்று ஊசி போட்டார்கள். மயக்க மருந்து மருத்துவர் என் வலது இடுப்புக்கடியில் துணியைச் சுருட்டி வைத்து இடப்பக்கம் சாய்த்தார். மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தி, குழந்தைக்கு ரத்தம் குறையுமாம். லேப்ராஸ்கோப்பியில் மூன்று சிறு துளைகளோடு முடித்தார்கள். கண் விழித்ததும் பயிற்சி மருத்துவர் பாப்பா, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க உதவும் டாப்ளர் கருவியை என் வயிற்றில் வைத்து, "கேளுங்கக்கா" என்று சத்தத்தைக் கூட்டினார். அந்தத் துடிப்பைக் கேட்டுத்தான் எனக்கு உயிர் வந்தது.

தையல் வலியோடு என்னைக் கைத்தாங்கலாகக் கழிவறைக்குக் கூட்டிப்போன துப்புரவுப் பணியாளர் அம்மாவின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அம்மா, இது உங்கள் கண்ணில் பட வேண்டும்.

மாதம் நிறைந்து மகள் பிறந்திருக்கிறாள். தை பிறந்ததும் பெயர் வைக்கிறோம், நீங்கள் எல்லோரும் வர வேண்டும். டியூட்டி முடித்து எந்நேரம் வந்தாலும் சாப்பாடு இருக்கும்.