ஜி.பி. பயிற்சிக் காலம்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

வெளிநாட்டில் மருத்துவம் படித்து, பிரித்தானியாவில் ஜி.பி. (குடும்ப மருத்துவர்) தகுதி பெற விரும்பும் உறுப்பினர்களுக்காக, வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை 7 மணிக்கு ஜூம் வழியாக ஒரு கலந்துரையாடல் நடைபெறும். வருவதற்கு முன் கீழ்க்கண்டவற்றைப் படித்துவிடுங்கள்.

1. ஜி.பி. பயிற்சி முழுநேரமாகச் செய்தால் 3 ஆண்டுகள். பாதி நேரம் மட்டும் பணிபுரிந்தால் அது ஏறக்குறைய 6 ஆண்டுகளாக நீளும்.

2. ஆண்டு விடுப்பு தவிர, மகப்பேறு, நோய் உள்ளிட்ட காரணங்களால் ஓராண்டில் 14 நாள்களுக்கு மேல் பணிக்கு வராதிருந்தால், பயிற்சி முடியும் தேதியைத் தள்ளிவைக்க வேண்டுமா என்று மறுபரிசீலனை செய்வார்கள். ஆகவே விடுப்புக் கணக்கை நீங்களும் எழுதி வைத்திருங்கள்.

3. ஊரில் எத்தனை ஆண்டுகள் பணிபுரிந்திருந்தாலும், அந்தக் காலம் இந்த 3 ஆண்டுகளிலிருந்து தானாகக் கழிக்கப்படாது. நம் குழுவில் அடிக்கடி எழும் குழப்பம் இதுதான்.

4. நீண்ட அனுபவம் உள்ளவர்கள், பயிற்சியில் சேராமலே சான்றாவணங்களைக் கொண்டு ஜி.எம்.சி.யிடம் (மருத்துவர்களைப் பதிவுசெய்யும் பிரித்தானிய அமைப்பு) நேரடியாக விண்ணப்பிக்கும் போர்ட்ஃபோலியோ வழியும் உண்டு. ஆவணங்களைத் திரட்டுவதற்கே நெடுநாள் ஆகும் என்பதால், இதைக் குறுக்குவழி என்று எண்ண வேண்டாம்.

5. க்ரெஸ்ட் படிவம் (பயிற்சியில் சேரத் தேவையான திறன் உங்களுக்கு உண்டு என்று உறுதிசெய்யும் சான்று) தேவைப்படுவோர், கையொப்பமிடக்கூடிய மேற்பார்வை மருத்துவரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

கலந்துகொள்வோர், தாங்கள் செல்ல எண்ணும் வழி பயிற்சியா போர்ட்ஃபோலியோவா என்பதையும், முழுநேரமா பகுதிநேரமா என்பதையும் வெள்ளிக்கிழமை இரவுக்குள் இங்கே பதிலாக இடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விசா பற்றிய தனிப்பட்ட விவரங்களைப் பொதுவில் பகிராமல் எனக்குத் தனியே அனுப்புங்கள்.

நன்றி.
குழு ஒருங்கிணைப்பாளர்