நோம்பியை விரட்டியது ரொட்டி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் குடும்பப் பக்கத்தில் வாசகர் ஒருவரின் கடிதத்தைப் படித்தேன். கொங்கு நாட்டு அடுப்பங்கரையில் ஓவன் வந்து உட்கார்ந்துகொண்டது, களியும் கம்பஞ்சோறும் போய்விட்டன, கூடவே நோம்பிகளும் (பண்டிகையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) போய்க்கொண்டிருக்கின்றன என்று வருத்தப்பட்டிருந்தார். வருத்தம் சரிதான். ஆனால் பழியைத் தூக்கி ரொட்டி மேல் போட்டிருக்கிறாரே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையானால் ரொட்டி சுடுகிறோம். நோம்பியும் ஒன்று விடாமல் நடக்கிறது.

நான் காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து திருப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் கால் கடுக்க நின்று, இப்போது வீட்டோடு இருக்கிறேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேரனும் பேத்தியும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே பசி பசி என்றுதான் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். முன்பெல்லாம் அந்த நேரத்துக்குப் பேக்கரியிலிருந்து பப்ஸும் தேங்காய் பன்னும் வரும். அதை நிறுத்தத்தான் ரொட்டி எங்கள் வீட்டுக்குள் வந்தது. களியை நிறுத்த வரவில்லை. ராத்திரிக்கு இன்றைக்கும் களி கிண்டுகிறோம், கொள்ளுப் பருப்பு கடைகிறோம்.

ரொட்டி என்றாலே மைதா என்று அவர் எழுதியிருக்கிறார். எங்கள் சின்ன வயதில் ரொட்டி என்பது காய்ச்சல்காரருக்குப் பாலில் நனைத்துக் கொடுக்கும் பண்டம், அது மைதாதான். இப்போது கடையில் ‘பிரவுன் பிரெட்’ என்று விற்பதிலும் பாதிக்கு மேல் அதே கதை. பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். எடையில் எது அதிகமோ அதைத்தான் சேர்மானப் பட்டியலில் முதலில் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. பல பொட்டலங்களில் முதலில் நிற்பது மைதா. பழுப்பு நிறம் எங்கிருந்து வந்தது என்று கீழே தேடினால், 150 என்று தொடங்கும் எண்ணோடு கேரமல் நிறமி இருக்கும். இதைச் சொல்லிக் கண்டித்திருந்தால் நானும் சேர்ந்து கண்டித்திருப்பேன். அவரோ ரொட்டி மாவில் சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட் என்ற ரசாயனத்தைச் சொல்லிப் பயமுறுத்துகிறார். அதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016ஆம் ஆண்டே தடை செய்துவிட்டது.

அப்புறம் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நோம்பிக்கு நோம்பி ஒப்புட்டு, அதுதான் போளி, தட்டுகிறோமே, மேல் மாவுக்கு எதைப் பிசைகிறோம்? முக்கால்வாசி வீடுகளில் மைதாதான். கோதுமை மாவில் தட்டினால் ஓரம் வெடித்துப் பூரணம் கல்லில் ஒட்டும் என்பதால் நானே பாதிக்குப் பாதி கலந்துதான் தட்டுகிறேன். ரொட்டிக்கு ஒரு நியாயம், ஒப்புட்டுக்கு ஒரு நியாயமா?

எங்கள் வீட்டு ரொட்டியில் மைதா கிடையாது. மூன்று பங்கு கோதுமை மாவு, ஒரு பங்கு ராகி மாவு. இரண்டுமே மில்லில் கொடுத்து அரைத்தது, சலிப்பதில்லை. ராகி அண்ணன் தோட்டத்திலிருந்து வருகிறது. நூறு கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. வளரும் பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் ராகிக்கு இழுவை கிடையாது. மாவுக்கு இழுவை கொடுப்பது கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம், அது ராகியில் இல்லை. வெறும் ராகி மாவை வைத்துக்கொண்டு ரொட்டி சுடுகிறேன் என்று உட்கார்ந்தால் களிதான் கிடைக்கும். அதனால்தான் இந்தக் கலவை.

மாவில் தண்ணீர் விட்டவுடன் பிசையத் தொடங்கிவிடக் கூடாது. அரை மணி நேரம் மூடி வைத்தால் தவிடு தண்ணீரைக் குடித்து இளகும். அதற்குப் பிறகு ஈஸ்டும் உப்பும், கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை ஒரு கரண்டியும் போட்டுப் பிசைந்தால் கைக்கு வசமாக வரும். சித்திரை வெயிலில் முக்கால் மணி நேரத்தில் உப்பிவிடும். மார்கழியில் அதைப்போல இரண்டு பங்கு நேரம் பிடிக்கும். இட்லி மாவு பொங்குவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. விரலால் லேசாக அழுத்தினால் குழி மெதுவாக எழும்ப வேண்டும். சட்டென்று எழும்பினால் இன்னும் பொறுக்க வேண்டும். எழும்பாமலே கிடந்தால் காலம் கடந்துவிட்டது, உடனே உள்ளே தள்ள வேண்டியதுதான். 190 டிகிரியில் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பாகவே வெந்துவிடும். அடியைத் தட்டினால் டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் கேட்கும். ஓவன் இல்லாதவர்கள் குக்கரின் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு அடியில் உப்பைப் பரப்பிச் சுடுகிறார்கள். மேல்புறம் சிவக்காது, மற்றபடி குறையில்லை. ஆறும்வரை அறுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பேரனுக்கு அந்தச் சட்டம் ஆகாது.

மறுநாள் தோசைக்கல்லில் ஊத்துக்குளி வெண்ணெய் போட்டு வாட்டிக் கொடுத்தால் கடலைக்காய்ச் சட்னியோடு நன்றாகவே இறங்குகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் சிறுதானிய ரொட்டி, பிஸ்கட் எல்லாம் செய்யப் பயிற்சி கொடுக்கிறார்கள். கையில் நேரம் உள்ளவர்கள் போய்ப் பழகிக்கொள்ளலாம்.

இதெல்லாம் வெளியிலிருந்து வந்தது என்பதுதான் அந்த வாசகரின் பெரிய குறை. சரி, வெளியிலிருந்து வந்த இன்னொன்றையும் சொல்கிறேன். மருமகள் குமாரபாளையத்துக்காரி, காவிரிக்கரை. ஆடி முதல் தேதி தேங்காய் சுடுவது சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கத்து வழக்கம். நான் பிறந்த தோட்டத்தில் அது கிடையாது. தலை ஆடிக்கு அவள் தாய்வீடு போய்விட்டாள். அடுத்த ஆடியில்தான் கேட்டாள்: “ஏனுங்கத்தை, நம்ம வாசல்ல ஒரு நெருப்பு போட்டுக்கலாமுங்களா?” போடு கண்ணு என்றேன்.

தேங்காயின் நாரை ஒட்ட உரித்து வழவழவென்று தேய்த்து, ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்துக்கொண்டாள். பச்சரிசி, பாசிப்பருப்பு, எள், பொட்டுக்கடலை, அவல், நாட்டுச்சர்க்கரை எல்லாம் கலந்து அந்தச் சின்ன ஓட்டை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். பிள்ளைகளின் விரலுக்குத்தான் அந்த வேலை சரிப்படும். வடித்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றி, தோல் சீவிக் கூராக்கிய அழிஞ்சிக் குச்சியைக் கண்ணில் செருகி, மஞ்சள் பூசி நெருப்பில் காட்டினால், ஓடு கருகி வெடிக்கும்போது உள்ளே அரிசி வெந்திருக்கும். பிள்ளையாருக்கு வைத்துவிட்டு உடைத்துத் தின்றால், சர்க்கரை ஊறிய அந்தத் தேங்காய்ப் பருப்புக்கு ஈடே கிடையாது. பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, அதற்காகத்தான் இந்தத் தேங்காய் என்று அவர்கள் ஊரில் கதை சொல்வார்களாம். கதை எப்படியோ, இப்போது எங்கள் தெருவுக்கே அது நோம்பியாகிவிட்டது. தெருக்கோடியில் உள்ள அடுக்குமாடியில் மொட்டைமாடியில் நெருப்பு மூட்டக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதுவும் நியாயம்தான். அங்கிருக்கும் பிள்ளைகளும் அன்றைக்குக் குச்சியில் தேங்காயைக் குத்தி எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்குத்தான் வருகிறார்கள்.

அப்படியானால் நோம்பியை விரட்டுவது எது? தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். பட்டிப் பொங்கலுக்குப் பட்டிக்குள் சாணியால் வரப்பு கட்டிச் சின்னதாகத் தெப்பக்குளம் எழுப்பி, தண்ணீர் ஊற்றிப் பூப்போட்டு, கன்றுக்குட்டியை அதில் மிதித்துக் கடக்க விடுவோம். கன்று மிரண்டு நாலு பேர் மேலும் சாணித் தண்ணீரை வாரியடிக்கும். பேத்திக்கு வருஷத்திலேயே பிடித்த நேரம் அதுதான். இதற்குப் பட்டி வேண்டும், பட்டியில் மாடு வேண்டும். மேய்க்க ஆளில்லை, தீவனம் கட்டுபடியாகவில்லை என்று எத்தனை தோட்டத்தில் மாட்டை விற்றுவிட்டார்கள்! அண்ணன் ஏதோ பிடிவாதமாகக் கட்டிவைத்திருப்பதால் நாங்கள் போய் வருகிறோம். அதற்கு மறுநாள் பூப்பறிக்கும் நோம்பிக்குப் பெண் பிள்ளைகள் முறுக்கும் கரும்பும் எடுத்துக்கொண்டு ஆவாரம்பூ பறிக்கப் போவோம், கும்மியடித்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவோம். நாங்கள் பறித்த இட்டேரி (தோட்டங்களுக்கு நடுவே போகும் வண்டித்தடம்) ஓரமும் கரட்டுக் காடும் இப்போது சைட் போட்டுக் கல் நட்டுக் கிடக்கின்றன. ஆவாரஞ்செடியைப் பொக்லைன் வழித்தெடுத்துவிட்டது. பிள்ளைகள் எங்கே போய்ப் பூப்பறிப்பார்கள்? திருப்பூரில் லைன் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு வாசல் என்பதே பொதுநடை. அங்கே பொங்கல் வைக்க மூன்று கல் கூட்ட இடமில்லை. இதில் எதையும் ஓவன் செய்யவில்லை.

கடைசியாக உங்களிடமும் ஒரு குறை. ஒவ்வொரு தையிலும் உங்கள் சிறப்புப் பக்கத்தில் போகி என்றால் பழையதைக் கொளுத்துவது என்று மட்டுமே போடுகிறீர்கள். எங்கள் பக்கம் மார்கழிக் கடைசி நாள் காப்புக் கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு முகப்பிலும் மாட்டுக் கொட்டகையிலும் காட்டு மூலையிலும் செருகுவோம். பழைய பாயைக் கொளுத்தும் வழக்கத்தை நான் கல்யாணத்துக்குப் பிறகு டிவியில்தான் பார்த்தேன். கோவை, ஈரோடு, திருப்பூர் பதிப்புகளிலாவது இந்த வருஷம் காப்புக் கட்டைப் பற்றி எழுதுங்கள். பூளைப்பூவின் படத்தையும் பெரிதாகப் போடுங்கள். போன தடவை ஒரு கடையில் வேறு எதையோ வெள்ளையாகக் கட்டி வைத்துப் பூளை என்று விற்றுக்கொண்டிருந்தார்கள், எல்லோரும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்.