கார்த்திகை இங்கேயும் எழுகிறது

டர்பன், தென்னாப்பிரிக்கா, ஜூன் 30

அன்புள்ள அம்மாவுக்கு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தம்பி போனில் சொன்ன பிறகுதான் எனக்கு வேலையில் மனசு நின்றது. கோபுரத்துச் சுதை வேலை பாதி முடிந்துவிட்டது. இங்கே இப்போது குளிர்காலம், பூசினது காய நேரமாகிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை.

சனிக்கிழமை கோயில் பெரியவர் ஒருவர் எங்களைத் தன் கரும்புத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். 1860-இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் வந்ததே, அதற்குப் பின்னால் கரும்பு வெட்ட வந்த குடும்பம். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். "தம்பி, பாரு" என்று தன் தொலைநோக்கியைக் காட்டினார்.

சித்திரை, வைகாசியில் நம் தென்னந்தோப்புக்கு மேலே தாழ்வாகத் தலைகாட்டுமே தென்சிலுவை நட்சத்திரக் கூட்டம், இங்கே அது நல்ல உயரத்தில் நிற்கிறது. அதில் ஒரு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு புள்ளி. கண்ணை வைத்துப் பார்த்தால் அம்மா, அத்தனையும் கல்! நீலமும் வெள்ளையுமாக, நடுவில் ஒன்று மட்டும் சிவப்பு. உன் மூக்குத்திச் சிவப்பேதான். பேரே நகைப்பெட்டி. கேப் டவுனில் தங்கி வானத்தை ஆராய்ந்த ஜான் ஹெர்ஷல் 1830-களில் அப்படி ஒப்பிட்டாராம். எல்லாம் ஒரே வாயு மேகத்தில் பிறந்த நட்சத்திரங்கள். அந்த வெளிச்சம் புறப்பட்டு ஆறாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. பின்னால் நின்ற பையன்கள் அவசரப்படுத்தியும் எனக்குக் கண்ணை எடுக்க மனசு வரவில்லை.

ராத்திரி அங்கேயே தங்கினோம். விடிவதற்கு முன்னால் தோட்டத்துக் காவல்காரர் வடகிழக்கைக் காட்டி "இசிலிமேலா" என்றார். பார்த்தால் நம் கார்த்திகைக் கூட்டம்! ஜூலு மொழியில் உழவை வைத்து வந்த பேராம். குளிர்காலத்து விடியலில் அது தெரிந்தால் மண்ணைக் கொத்தத் தயாராவார்களாம். அப்பா நினைவு வந்துவிட்டது. ராத்திரி தண்ணீர் பாய்ச்சும்போது அதை அண்ணாந்து பார்த்துத்தானே மணி சொல்வார்? அவருக்கு உச்சிக்குப் பக்கத்தில் வந்தது, இங்கே வடக்கே பாதி உயரம்கூட ஏறாதாம்.

நீ கோலம் போட எழுந்திருக்கும்போது கிழக்கே கொஞ்சம் வடக்காகப் பார். அப்போது எனக்கு அது இன்னும் எழுந்திருக்காது. அந்தக் கூட்டத்தில் எனக்கு ஆறு நட்சத்திரம் தெரிந்தது. புதுக் கண்ணுக்கு எத்தனை தெரிகிறது என்று தம்பியை எழுதச் சொல். சொட்டு மருந்தை மறக்காதே.

உன் அன்பு மகன்