ஓடிபிக்குன்னு குடுத்த நம்பரை வச்சு என்னை ஊருக்கே காட்டினதுக்கு புகார்

பெறுநர்: குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள், இந்தியா ஆபீஸ்

பொருள்: என் சொந்த அக்கவுண்ட்டை முன்பின் பழக்கம் இல்லாதவங்களுக்கு "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருக்கலாம்"னு காட்டினது, அதைக் கேட்டதுக்கு உங்க ஆளுங்க சொன்ன பதில்

வணக்கமுங்க,

நான் ஈரோட்ல வீட்டோட சேர்ந்த மாதிரி ஒரு தையல் கடை வச்சிருக்கேன். ப்ளவுஸ், சுடிதார், கல்யாணத்துக்கு ஆரி ஒர்க் எல்லாம் பண்றோம். உங்க சோசியல் மீடியா ஆப்ல கடைக்கு ஒரு பேஜ் இருக்கு, அதுல கடை நம்பர் போட்டிருக்கேன், அதை யார் பார்த்தாலும் எனக்கு சந்தோசம்தான். என் சொந்த அக்கவுண்ட் வேற. அதுல எங்க சொந்தக்காரங்க, கூடப் படிச்ச பிள்ளைங்க, எங்க வீட்டு விசேஷ போட்டோ, குழந்தைங்க ஆண்டு விழா போட்டோ, அவ்வளவுதான். அதுக்கு நம்பரே குடுக்காமத்தான் இருந்தேன். நீங்கதான் ஆப்பைத் திறக்கறப்பல்லாம் "உங்க அக்கவுண்ட்டை யாராச்சும் ஹேக் பண்ணிருவாங்க, பாதுகாப்புக்கு மொபைல் நம்பர் சேருங்க"ன்னு மேலயே ஒரு பட்டையை ஒட்டி வச்சு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. சரின்னு என் சொந்த நம்பரைக் குடுத்தேன். ஓடிபி வர்றதுக்கு. அதுக்கு மட்டும்.

அதுக்கப்புறம் நடந்ததைக் கேளுங்க. கொரியர் கொண்டுவர்ற பையன், வீடு பார்க்கறப்ப ஒரே ஒரு தடவை பேசின புரோக்கர், பழைய ஃப்ரிட்ஜ் வாங்கிட்டுப் போன ஆளு, எப்பவோ வந்த ஆட்டோக்காரர், இவங்ககிட்ட இருந்தெல்லாம் ரிக்வெஸ்ட் வர ஆரம்பிச்சுது. இவங்க யாருக்கும் என் அக்கவுண்ட் பேரு தெரியாது, நான் சொன்னதும் இல்ல, ஆனா என் நம்பரு அவங்க ஃபோன்ல ஏதோ ஒரு பேர்ல கிடக்குது. அதுல ஒருத்தன் ராத்திரி பதினோரு மணிக்கு "அக்கா அந்த மஞ்சப் பொடவைல நெம்ப நல்லாருக்கீங்க"ன்னு மெசேஜ் போடறான். அவனுக்கு என் வீடு தெரியும், வாசப்படி தெரியும், எப்ப நான் தனியா இருப்பேன்னு கூட தெரியும், இப்ப என் பொண்ணு எந்த ஸ்கூல் யூனிஃபார்ம் போடறான்னும் தெரியும். இதை வீட்ல சொன்னா மொதல் கேள்வி என்ன வந்துச்சு தெரியுங்களா, "நீ எதுக்கு அவனுக்கு ரிக்வெஸ்ட் குடுத்தே?" நான் குடுக்கலேன்னு நிரூபிக்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிருச்சு. நீங்க அங்க உக்காந்துக்கிட்டு கம்ப்யூட்டர்ல பண்ற வேலைக்கு இங்க பதில் சொல்றது நாங்க.

என்கிட்ட துணி தைக்கற ஒருத்தங்க கதை இதை விட மோசம். குடிச்சுட்டு அடிக்கற வீட்டுக்காரரை விட்டுட்டு வந்து, நம்பர் மாத்தி, புது அக்கவுண்ட் வேற பேர்ல தொறந்து, பலகாரம் செஞ்சு வித்துட்டிருந்தாங்க. அந்தாளுக்கு இவங்களைப் பரிந்துரை பண்ணிருக்கு உங்க ஆப். எப்படின்னு எங்களுக்குத் தெரியாது, ரெண்டு பேருக்கும் பொதுவான சொந்தக்காரங்க யாரோ ஃபோன்புக்கை ஏத்தி விட்டிருப்பாங்கன்னு நினைக்கறோம், நிஜ காரணத்தை நீங்கதான் சொல்லணும். அவங்க அக்கவுண்ட்டை மூடிட்டாங்க. வந்துட்டிருந்த ஆர்டரும் அதோட போச்சு.

நான் உங்க ஹெல்ப் பக்கத்துல எழுதினேன். மொதல்ல இங்கிலீஷ்ல ஒரு காப்பி பேஸ்ட். திரும்ப எழுதினேன், வேற பேர்ல அதே காப்பி பேஸ்ட். கடைசியா கடைப் பேஜ் மூலமா சாட்ல ஒரு ஆளு கிடைச்சாரு. அவர் சொன்னது இதுதான்: நீங்க டேர்ம்ஸை ஏத்துக்கிட்டீங்க, சர்வீஸ் ஃப்ரீ, இந்த மாதிரி பெரிய பிளாட்ஃபார்ம்ல இருக்கறவங்க முழு பிரைவசி எதிர்பார்க்க முடியாது, வேண்டாம்னா டெலீட் பண்ணிக்கலாம். மரியாதையாத்தான் சொன்னாரு, அவரைக் குத்தம் சொல்லல, அவருக்கு எழுதிக் குடுத்ததைப் படிச்சாரு. எழுதிக் குடுத்தவங்களுக்குத்தான் இந்த லெட்டர்.

என் தொழிலைப் பத்தி கொஞ்சம் சொல்றேன். என்கிட்ட ஒரு அளவு நோட்டு இருக்கு. அதுல இந்த ஏரியா பொம்பளைங்க முக்கால்வாசிப் பேரோட மார்பளவு, இடுப்பளவு, கைச்சுத்து, ஃபோன் நம்பர், யாருக்கு எந்த மாசம் அளவு கூடுச்சு, யாருக்கு ஆபரேஷன் ஆனதால ஒரு பக்கம் பேட் வச்சுத் தைக்கணும், எல்லாம் இருக்கு. யாரும் என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு அளவு குடுக்கல. "இதை யார்கிட்டயும் சொல்லிறாதீங்க"ன்னு கூட யாரும் சொன்னதில்ல, சொல்ல வேண்டியதே இல்ல. ப்ளவுஸ் தைக்கக் குடுத்த அளவு ப்ளவுஸ் தைக்கத்தான். அந்த நோட்டை நான் பக்கத்துத் தெரு நைட்டிக் கடைக்காரருக்குக் காட்டிட்டு, "நீங்கதான் என்கிட்ட அளவு குடுத்தீங்களே, என் கடைல வெயிட் பண்றப்ப டீ கூட ஃப்ரீயாக் குடுத்தேனே"ன்னு சொன்னா இந்த ஊர்ல என்னைச் செருப்பால அடிப்பாங்க. பத்தாவது வரைக்கும் படிச்ச எனக்கு யாரும் சொல்லித் தராமலே இது தெரியுது, அவ்வளவு பெரிய கம்பெனி உங்களுக்குத் தெரியலையா, இல்ல தெரிஞ்சுதான் பண்றீங்களா?

ஃப்ரீங்கற பேச்சையும் விடுங்க. நான் கடைப் பேஜை பூஸ்ட் பண்றதுக்கு உங்களுக்கு ஜிஎஸ்டியோட சேர்த்துக் காசு கட்டறேன், தீபாவளி ஆடி சீசன்ல இன்னும் ஜாஸ்தி. அப்படி விளம்பரம் போடறப்பத்தான் உங்க கடையோட பின்பக்கத்தையே பார்த்தேன். எத்தனை வயசு பொம்பளைங்களுக்குக் காட்டணும், எந்த ஏரியா, கல்யாணம் நிச்சயமானவங்களுக்கு மட்டுமா, எதுல ஆர்வம் உள்ளவங்க, எல்லாம் டிக் பண்ணலாம். அதுக்கும் மேல, "உங்க கஸ்டமர் நம்பர் லிஸ்ட்டை ஏத்துங்க, அவங்களைக் கண்டுபிடிச்சு விளம்பரம் காட்டறோம்"னு ஒரு பட்டன். அதாவது என் அளவு நோட்டுல இருக்கற நம்பரையெல்லாம் உங்ககிட்ட குடுக்கச் சொல்றீங்க. நான் குடுக்கல. ஆனா என் நம்பரை எத்தனை கடைக்காரங்க உங்களுக்கு ஏத்திவிட்டிருக்காங்களோ!

சாதாரண ஆளுங்களுக்கு எதுக்கு பிரைவசின்னு பேசற உங்க லைன் ஆளுங்க அவங்க விஷயத்துல எப்படி இருக்காங்கன்னு பார்க்கலாம். கோயமுத்தூர்ல ஐடி கம்பெனில இருக்கற எங்க தங்கச்சி பையன் சொல்லித்தான் இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டேன். கூகுள்ல அப்ப பெரிய பொறுப்புல இருந்த எரிக் ஷ்மிட், 2009ல ஒரு டிவி பேட்டில, மத்தவங்களுக்குத் தெரியக்கூடாத விஷயம்னா அதை நீங்க செய்யாமலே இருந்திருக்கலாமேங்கற மாதிரி பேசினாரு. அதே ஆளைப் பத்தி 2005ல சிநெட்ங்கற சைட்காரங்க கூகுள்லயே தேடி, அவர் சொத்து, வீடு இருக்கற ஏரியா எல்லாம் போட்டப்ப, அவங்க கூட இனி பேச மாட்டோம்னு முறுக்கிக்கிட்டது அந்தக் கம்பெனிதான். ஃபேஸ்புக் ஸக்கர்பெர்க் 2013ல தன் வீட்டைச் சுத்தி இருந்த நாலு வீட்டை 3 கோடி டாலருக்கு மேல குடுத்து வாங்கினாரு, பக்கத்துல வேற யாரும் வந்து தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு. 2018 ஏப்ரல்ல அமெரிக்க செனட்ல டர்பின்னு ஒருத்தர் அவரைப் பார்த்து, நேத்து ராத்திரி எந்த ஓட்டல்ல தங்கினீங்கன்னு எங்ககிட்ட சொல்லுவீங்களான்னு கேட்டப்ப, கொஞ்சம் தயங்கிட்டு மாட்டேன்னுட்டாரு. சொல்ல வேண்டாம்தான், அது அவர் உரிமை. அந்த உரிமை ஓட்டல்ல தங்கறவருக்கு மட்டும்தானா, ஈரோட்ல ஓவர்லாக் மெஷின் ஓட்டறவளுக்கு இல்லையா? எங்களுக்குச் சுத்தி நாலு வீடு வாங்க வக்கில்லீங்க, அதனாலதான் நம்பரைக் குடுக்காம ஒளிச்சு வச்சிருந்தோம்.

இது நானா உணர்ச்சிவசப்பட்டுக் கேக்கறது இல்ல. 2017 ஆகஸ்ட் 24ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஒன்பது ஜட்ஜுங்களும் ஒரே முடிவா அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு குடுத்தாங்க, ரிட்டையர்டு ஜட்ஜ் புட்டசாமி போட்ட கேஸ்ல. அந்த கேஸ்ல பிரைவசிங்கறது வசதியானவங்க கவலை, ஏழைங்களுக்கு சோறுதான் முக்கியம்கற மாதிரி ஒரு வாதமும் வந்துச்சாம், கோர்ட் அதை ஏத்துக்கவே இல்ல. சாட்ல உங்க ஆளு சொன்னதும் கிட்டத்தட்ட அதே வாதம்தான், கொஞ்சம் பாலிஷ் போட்டு. தீர்ப்பு அரசாங்கத்தைத்தானே கட்டுப்படுத்தும், எங்களை இல்லையேன்னு உங்க வக்கீல் சொல்லலாம். அதுக்குத்தான் 2023ல டிஜிட்டல் பர்சனல் டேட்டா சட்டம் வந்துச்சு. ரூல்ஸ் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, உங்களை மாதிரி கம்பெனிங்களுக்கு 18 மாசம் டைம் குடுத்திருக்காங்கன்னும் தெரியும். ஆனா அந்த சட்டத்துலயே ஒரு உதாரணம் போட்டிருக்காங்க பாருங்க, எனக்காகவே எழுதின மாதிரி: ஒருத்தங்க டாக்டர்கிட்ட பேசற ஆப் ஒண்ணை டவுன்லோட் பண்றாங்க, அது ஃபோன்ல இருக்கற கான்டாக்ட் லிஸ்ட்டையும் கேக்குது, அவங்க ரெண்டுக்கும் சரின்னு அமுக்கிட்டாங்க, அப்பவும் வைத்தியத்துக்கு கான்டாக்ட் லிஸ்ட் தேவையில்லைங்கறதால அந்த சம்மதம் வைத்தியத்துக்கு மட்டும்தான் செல்லும். அப்ப நான் "ஏற்கிறேன்" பட்டனை அமுக்கிட்டேன்னு நீங்க அதையே பிடிச்சுத் தொங்கறதுல என்ன அர்த்தம்? சம்மதம் கேக்கற நோட்டீஸைத் தமிழ்ல கேட்டா குடுக்கணும்னும் அதே சட்டத்துல இருக்கு. நீங்க வச்சிருக்கற தமிழ், மெஷின்ல போட்டு அரைச்ச தமிழ், எங்க தங்கச்சி பையனுக்கே புரியல.

வெளிநாட்ல நீங்க இப்படிப் பேச முடியாதுங்கறதும் தெரிஞ்சுது. பாதுகாப்புக்குன்னு வாங்கின நம்பரையும் இமெயிலையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தினதுக்காக ட்விட்டர் 2022ல அமெரிக்காவுல 15 கோடி டாலர் கட்டுச்சு. ஃபேஸ்புக்குக்கு 2019ல போட்ட 500 கோடி டாலர் அபராதத்துலயும் செக்யூரிட்டி நம்பரை விளம்பரத்துக்கு எடுத்தது ஒரு குத்தச்சாட்டு. அங்க இருக்கறவங்க நம்பரு மட்டும் நம்பரு, எங்க நம்பரு என்ன லாட்டரி சீட்டு நம்பரா.

டெலீட் பண்ணிக்கோங்கன்னு ஈசியா சொல்லிட்டீங்க. ஸ்கூல்ல இருந்து வர்ற தகவல் ஆப்லதான் வருது, மகளிர் குழு மீட்டிங் எப்பன்னு ஆப்லதான் போடறாங்க, கஸ்டமர் டிசைன் அனுப்பறது, ஜவுளிச் சந்தைல புது ரகம் வந்தா வியாபாரி போட்டோ போடறது எல்லாமே அங்கதான். எல்லாரையும் உள்ள கூட்டிட்டு வந்துட்டு, பிடிக்கலேன்னா கதவு அந்தப்பக்கம்னு காட்டறது என்ன நியாயம்? வாட்ஸ்அப் 2021ல புது பாலிசியை ஏத்துக்கிட்டே ஆகணும்னு நின்னதுக்கு நம்ம காம்பெட்டிஷன் கமிஷன் (கம்பெனிங்க போட்டியில நியாயமா நடக்குதான்னு பார்க்கற அரசு அமைப்பு) 2024 நவம்பர்ல அதோட ஓனர் கம்பெனி மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு. அது அப்பீலு கிப்பீலுன்னு போனது தனிக் கதை, ஆனா வேற வழி இல்லாதவங்ககிட்ட வாங்கற சம்மதம் சம்மதமே இல்லைங்கறது புரிய நான் எந்த கமிஷனுக்கும் போக வேண்டியதில்ல.

உங்க செட்டிங்ஸ் பத்தியும் ஒரு வார்த்தை. "நம்பரை வச்சு என்னை யார் தேடலாம்"ங்கற இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள ஒரு ப்ளவுஸுக்கு ஹெம்மிங் முடிச்சிருப்பேன். அங்க போனா "எல்லாரும்"னு நீங்களே டிக் பண்ணி வச்சிருக்கீங்க. நம்பர் கேக்கறப்ப மட்டும் பட்டை ஸ்க்ரீன் மேல, அதை மூடற பட்டன் மட்டும் அஞ்சு ரூமு தாண்டி. அதை "யாரும் வேண்டாம்"னு மாத்தலாம்னு பார்த்தா அப்படி ஒரு ஆப்ஷனே இல்ல, "நண்பர்கள் மட்டும்"ங்கறதோட நின்னுருச்சு.

எனக்கு வேண்டியது கூப்பனும் இல்ல, பூஸ்ட்ல தள்ளுபடியும் இல்ல. ஓடிபிக்குக் குடுத்த என் நம்பரை பரிந்துரை, தேடல், விளம்பரம் எல்லாத்துல இருந்தும் எடுத்துட்டு, எடுத்துட்டோம்னு எழுதிக் குடுங்க. என்னை யார் யாருக்கெல்லாம் எந்தக் காரணத்துல காட்டினீங்கன்னு சொல்லுங்க. மத்தவங்க ஃபோன்புக் வழியா உங்ககிட்ட வந்து சேர்ந்த என் நம்பரையும் அழிங்க, அது அவங்க குடுத்ததா இருக்கலாம் ஆனா நம்பர் என்னோடது. புதுசா அக்கவுண்ட் தொறக்கறவங்களுக்கு நம்பர் வச்சுத் தேடறது மொதல்லயே மூடியிருக்கணும், வேணுங்கறவங்க தொறந்துக்கட்டும். அந்தப் பலகாரக்கார அம்மா மாதிரி யாராச்சும் "இந்த ஆளுக்கு என்னை எக்காலத்துலயும் காட்டாதீங்க"ன்னு சொன்னா, அவங்க அந்தாளோட அக்கவுண்ட்டைத் தேடிப் போய் ப்ளாக் பண்ற அவசியம் இல்லாம, நம்பரை மட்டும் குடுத்தே தடுக்கற வழி ஒண்ணு வைங்க. இது உங்க இன்ஜினியருங்களுக்கு பெரிய வேலைன்னு யாரும் கதை சொல்ல வேண்டாம், நம்பரை வச்சு ஆளைக் கண்டுபிடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு அதே நம்பரை வச்சு ஆளை மறைக்கவும் தெரியும்.

2021 ஐடி ரூல்ஸ்படி புகார் கிடைச்சுதுன்னு 24 மணி நேரத்துல நீங்க சொல்லணும், அந்த ரூல்ஸ்ல இருக்கற கெடுவுக்குள்ள முடிச்சும் குடுக்கணும். பதில் தமிழ்ல, ஒரு மனுஷன் எழுதினதா, இமெயில்ல வரட்டும். வரலேன்னா, இல்ல மறுபடியும் அதே காப்பி பேஸ்ட் வந்தா, அரசாங்கத்தோட குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைன்லயே போட்டுருவேன், அதுக்கான பேப்பரு, ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் எங்க தங்கச்சி பையன் இப்பவே ஃபோல்டர் போட்டு வச்சிருக்கான்.

இப்படிக்கு,
உங்க ஆப்ல காசு கட்டி விளம்பரம் போடற ஒரு டெய்லர்,
ஈரோடு

இணைப்பு: ராத்திரி வந்த மெசேஜ், சாட்ல உங்க ஆளு குடுத்த பதில், போன பூஸ்ட்டுக்கான ஜிஎஸ்டி பில். மெசேஜ் போட்டவன் பேரையும் நம்பரையும் மறைச்சுத்தான் அனுப்பியிருக்கேன்.